இரும்புத் தண்டும் இருபத்துநாலாயிரம் பேரும்

மாத்தளை நகருக்கு வடக்கே இரண்டு மைல் தூரத்திலுள்ள அலுவிகாரைக் குகைகளில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஓலையில் ஏறிய விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே வலகம்பா காலத்தில் புத்தபிரானுடைய பிட்சா பாத்திரம் சோழநாட்டாரால் கவர்ந்து செல்லப்பட்டது என்றும், பின்னர் அதை மீட்டுவந்தவன் கஜபாகு மன்னன் என்றும் சிங்கள மரபு சொல்லுகிறது. ‘இராஜாவலிய’ என்னும் சிங்கள கிரந்தம் விஸ்தாரமாகச் சொல்லும் அந்தக் கஜபாகுவின் கதையை, மந்திரமும் மல்லும் கலந்த வீரகதைகளில் மனம் தோயும் எவரும் இரண்டாம் முறை படிக்காமல் விடமாட்டார்கள்.

ஒருநாள் இரவு மாறுவேடம் பூண்டு நகரைச் சுற்றிவந்த கஜபாகு, ஒரு வீட்டினுள்ளே விதவை ஒருத்தி அழும் குரலைக் கேட்டான். அவ்வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் அடையாளம் ஒன்று இட்டுவிட்டு அரண்மனைக்குத் திரும்பினான். பொழுது விடிந்ததும் அமைச்சரை அழைத்து நகரத்தின் க்ஷேமத்தை விசாரிக்க, கல்யாண வீட்டைப்போல இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். மன்னன் சினந்து, அடையாளமிட்ட வீட்டிலிருந்து அந்த ஸ்திரீயை அழைப்பித்துக் கேட்டபோதுதான், அவனுடைய தந்தையின் ஆட்சியில் சோழன் படையெடுத்து வந்து 12,000 பேரைச் சிறைப்பிடித்துச் சென்றதும், அவர்களுள் அவளுடைய இரண்டு புதல்வர்களும் இருந்ததும் வெளிப்பட்டன.

திரட்டிய படையையும் கலைத்துவிட்டான், கப்பல் கட்டவில்லை. நீலன் என்னும் மாமல்லன் ஒருவனை மாத்திரம் உடன் அழைத்துக்கொண்டு வடகரை சேர்ந்த கஜபாகு, இரும்புத் தண்டால் சமுத்திரத்தை அடித்தான். நீர் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சோழ நகரத்தில் நீலன் யானைகளைப் பிடித்து ஒன்றோடொன்று மோதிக் கொன்றான். நகரை அழிக்கச் சிங்களச் சேனை வந்திருக்கிறதோ என்று சோழராஜன் நடுங்கிக் கேட்டபோது, சேனை ஏதும் இல்லை, ஒரு சிறு பையன்தான் கூட வந்திருக்கிறான் என்று சொல்லி நீலனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தினான் கஜபாகு. அச்சத்தை அடக்கிக்கொண்டு, தேவலோகம் சென்று அசுரரை வென்ற வமிசம் எமது வமிசம் என்று சோழன் பெருமை பேசினான். அதற்கு மறுமொழியாக கஜபாகு மணலை அள்ளிப் பிழிந்து நீர் எடுத்துக் காட்டினான். பின்னர் அந்த இரும்புத் தண்டையே பிழிந்து அதிலிருந்தும் நீர் எடுத்துக் காட்டினான். கோடையில் ஆற்றுமணலைத் தோண்டி ஊற்று எடுத்துப் பழகிய நம் ஜனங்களுக்கு மணலிலிருந்து நீர் வருவது புதுமையன்று. அடுத்த கணமே இரும்பிலிருந்தும் நீர் வழிகிறதென்றால், நம்பத்தக்கதைச் சொல்லி நம் கையைப் பிடித்து அழைத்துப்போய் நம்பத்தகாததன் வாசலில் நிறுத்தும் வித்தையைக் கதைசொன்னவன் நன்றாகக் கற்றிருந்தான் என்றே கொள்ளவேண்டும்.

சோழன் பணிந்தான். 12,000 பேரோடு மேலும் 12,000 பேரை வட்டியாகச் சேர்த்து 24,000 பேரையும், பத்தினித் தெய்வத்தின் மணிச்சிலம்புகளையும், பிட்சா பாத்திரத்தையும் பெற்றுக்கொண்டு கஜபாகு மீண்டான். மீண்டவருள் பிதிரார்ஜித நிலமுள்ளவர்கள் தத்தம் ஊருக்குப் போனார்கள். மிகுந்தவர்கள் யட்டிநுவர, உடுநுவர, தும்பனை, ஹேவாஹெட்ட முதலிய பகுதிகளில் குடியேற்றப்பட்டார்கள். அவ்விதம் வந்து இறங்கிய பெருங்கூட்டத்தின் காரணமாகவே மாத்தளைக்கு அப்பெயர் வாய்த்தது என்று ஓர் ஐதிகமும் உண்டு.

கஜபாகு சரித்திர புருஷன்தான், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்டவன். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது உடனிருந்தவர்களுள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்று சிலப்பதிகாரம் குறிப்பிடுவதை நாம் அறிவோம். சங்ககாலத்தைக் கணிக்க முயன்ற அறிஞர் பலர் இந்த ஒரு பெயரையே ஊன்றுகோலாகக் கொண்டார்கள். ஆயினும் மகாவம்சமோ, அவனுடைய 22 ஆண்டு ஆட்சியையும் அவன் செய்த விகாரைத் திருப்பணிகளையும் சொல்லிவிட்டு, சோழநாட்டுப் படையெடுப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘பூஜாவலிய’விலேதான் இக்கதை தலைகாட்டுகிறது, அதற்குப் பிந்திய இராஜாவலியவில் வளர்ந்து நிற்கிறது.

ஆயிரம் ஆண்டு மௌனத்திற்குப் பிறகு ஒரு கதை வாய் திறப்பானேன்? மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேயசேகர 1970இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கு விடை கூறினார்: 1215இல் கலிங்க மாகன் படையெடுத்துவந்து நாட்டைச் சூறையாடிய துயரத்தை ஆற்றிக்கொள்ள, தாமே கடல்கடந்து வென்றதாகச் சிங்கள ஜனங்கள் கதையைத் திருப்பி அமைத்தார்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டில் குடியேறிச் சிங்களராகிவிட்ட குடும்பங்களுக்கும் அதே கதை பிறப்புச் சாசனமாயிற்று. இக்கூற்றை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். கதையின் உயிர்நிலை கடல் பிளந்த இடத்தில் இல்லை. அந்த ‘வட்டி’ என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது. சிறைமீண்ட 12,000 பேர் சிங்களர். வட்டியாக வந்த 12,000 பேர் யார்? தமிழர்தாம். அவர்களுடைய சந்ததியார் எந்த மொழி பேசினாலும், அரசனே அழைத்துவந்து நிலம் கொடுத்த குடிகள் நாங்கள் என்று தலைநிமிர்ந்து சொல்ல இக்கதை இடம் கொடுத்தது. பத்தினியாகிவிட்ட நம் கண்ணகிக்காகச் சிங்களக் கிராமங்களில் நடைபெறும் கம்மடுவ விழாவில் கஜபாகுவின் கதை பாடலாகவே பாடப்பட்டு வந்திருக்கிறது.

மாத்தளைத் தமிழனாகிய எனக்கு இங்கே வேறொரு கடல்கடப்பு நினைவுக்கு வருகிறது. கோப்பிக் காலத்தில், 1830களுக்குப் பின், தோட்ட வேலைக்காகப் பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காடும் வறட்சியுமான நூறு மைலுக்கு மேற்பட்ட வழியைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை தாண்டி, நாலந்தா தாண்டி மாத்தளை வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். லயத்துக் காம்பிராவில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்த நடையைச் சொல்லும் என் பாட்டி, முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுவாள். அவ்வளவு அரிசிதான் ஒரு நாளைக்கு என்பாள். கதை முடிந்த பிறகும் அந்த முடிச்சை அவிழ்க்கமாட்டாள். அந்த ஜனங்கள் தங்களோடு பொன்னர் சங்கர் கதையைக் கொண்டுவந்தார்கள். தோட்டங்களில் விடியவிடியக் கூத்தாக ஆடினார்கள். அந்த அண்ணன்மாரின் வாளுக்கும் அவர்கள் தங்கை தங்காளின் தெய்வசக்திக்கும் இரவு முழுவதும் கண்விழித்தார்கள். தாங்கள் நடந்துவந்த வழியை மட்டும் அவர்கள் கூத்தாக்கவில்லை. எந்த மன்னனும் அவர்கள் வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் கோடு போடவில்லை.

அவர்கள் நடந்துவந்த அதே வடக்குப் பாதையில், நாலந்தாவில், திராவிடச் சிற்பமுறையில் கட்டப்பட்ட கெடிகே என்னும் கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. போவத்தன்ன நீர்த்தேக்கம் தன்னை விழுங்காதபடி கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டு மீண்டும் கட்டப்பெற்றது அது. அடுத்த வாரம் அங்கே போவோம்.