மூவர் நடத்திய சேனை

டில்லிக்குச் சென்று செங்கோட்டையைக் காணாமல் திரும்புவோர் அரியர். ஆனால் அதன் மதில்களையும் மண்டபங்களையும் கண்டு வியக்கும் நம்மவருள் பலர், 1945 நவம்பரில் அங்கு நடந்த ஒரு விசாரணையை நினைப்பதில்லை. இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகள் மூவர், மன்னருக்கு எதிராக யுத்தம் புரிந்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்டு அங்கே நிறுத்தப்பட்டனர். அச்சேனை ஜப்பானியரின் ஏவற்படை என்றனர் ஆட்சியாளர். பாரதத்தின் சொந்தச் சேனை என்றனர் மக்கள். எது உண்மை என்பதை அதன் பிறப்பையும் தலைவர்களின் செயலையும் கொண்டே தெளிய வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவின்மீது படையெடுத்தனர். ஜித்ராப் போரில் சிதறிய பிரிட்டிஷ் படையில் இருந்தவர் காப்டன் மோகன் சிங். ஜப்பானிய அதிகாரி மேஜர் பூஜிவாராவுடன் அவர் நடத்திய பேச்சிலேயே விடுதலைச் சேனை என்னும் எண்ணம் உருப்பெற்றது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாட்களுக்குப் பின், பாரர் பார்க் மைதானத்தில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மோகன் சிங்கின் அழைப்பை ஏற்றோர் பலர். தாம் செய்த பிரமாணத்தை எண்ணிக் கைதிகளாகவே இருந்தோரும் பலர். செப்டம்பரில் முதற் சேனை அமைந்தது.

ஆனால் ஜப்பானியர் அதனைச் சமமான நேசப்படையாக ஏற்று உறுதிமொழி தரவில்லை. தம் வீரர்கள் பிறர் கைக்கருவியாவதை மோகன் சிங் பொறுக்கவில்லை. டிசம்பர் 29-இல் அவர் சிறைப்பட்டார். தாம் கைதானால் சேனை கலைந்துவிட வேண்டும் என்று முன்னரே கட்டளை எழுதிவைத்திருந்தார். பெற்ற பிள்ளையை அடிமையாக விற்க மனமில்லாத தந்தையின் செயல் அது.

அடுத்துப் பொறுப்பேற்றவர் ராஷ் பிகாரி போஸ். 1912-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்சின்மீது டில்லியில் வெடிகுண்டு வீசிய சதியில் தொடர்புடையவர். 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றவர். சிதறவிருந்த சேனையை அவர் அழியாமற் காத்தார். தம்மினும் வல்லார் ஒருவர் வந்தபோது தயங்காமல் விலகி நின்றார். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு வந்த சுபாஷ் சந்திர போஸிடம், 1943 ஜூலை 4-இல் சிங்கப்பூரில் தலைமையை ஒப்படைத்தார்.

சுபாஷ் அச்சேனைக்கு ஓர் அரசாங்கத்தை அளித்தார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனமாயிற்று. சிப்பாய்களோடு சாதாரணக் குடிமக்களையும் அவர் அழைத்தார். தமிழருக்கு இதில் தனிப் பங்குண்டு. பிரிட்டிஷார் இந்தியரைப் போர்க்குடிகள் என்றும் அல்லாதார் என்றும் வகுத்துத் தென்னாட்டாருக்குப் படையில் குறைந்த இடமே தந்திருந்தனர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துப் பிழைத்த தமிழ்த் தொழிலாளிகள், துப்பாக்கி ஏந்தி அவ்வகுப்பைப் பொய்யாக்கினர். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் ஜான்சி ராணிப் படையும் எழுந்தது. அதிற் சேர்ந்த பெண்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழ்ப் பெண்களே.

1944 ஏப்ரலில் மணிப்பூரின் மொய்ராங்கில் அச்சேனையின் கொடி ஏறியது. எனினும் இம்பால் வீழவில்லை. மழையும் பசியும் நோயும் வாட்ட, ஜூலையில் பின்வாங்க நேர்ந்தது. போர்க்களத்தில் அச்சேனை தோற்றது.

செங்கோட்டையிலோ முடிவு வேறாயிற்று. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என மும்மதத்தார் மூவருக்காகப் பூலாபாய் தேசாய் வாதாடினார். தேசமே கொதித்தெழுந்தது. ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் 1946 ஜனவரியில் பிரதம சேனாதிபதியே அதனை ரத்து செய்து மூவரையும் விடுவித்தார்.

ஏவற்படையாயின் ஏவியவர் சொற்படி நடந்திருக்கும். அடிமையாவதினும் கலைவதே மேல் என்று முதற் தலைவரே துணிந்த சேனை அது. செங்கோட்டைக்குச் செல்லும் நேயர்கள் அம்மூவரோடு, பெயர் பொறிக்கப்படாத அத்தோட்டத் தொழிலாளிகளையும் ஒரு கணம் நினைப்பார்களாக.