துத்தநாகக் கணக்கில் பிறந்த ஜூல்

பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டவர்களுக்குக்கூட ஒரு கலோரி என்றால் 4.18 ஜூல் என்பது நினைவிருக்கும். மார்க்குக்காக மனப்பாடம் செய்த எண். அதன் பின்னால் ஒரு பீர் ஆலை முதலாளியின் மகனும் ஒரு கப்பல் டாக்டரும் இருக்கிறார்கள். இருவரையுமே அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பல வருடங்கள் கண்டுகொள்ளவில்லை.

அப்போது வெப்பம் ஒரு பொருள் என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். எடையில்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம். பெயர் கலோரிக். நவீன வேதியியலின் தந்தை என்று நாம் படிக்கும் லவாய்சியர் 1789-ல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜன், ஹைட்ரஜனோடு கலோரிக்கும் இருந்தது! சிரிக்க வேண்டாம். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்தால் எவ்வளவு சூடு இருக்கும் என்பதை அந்தக் கொள்கை சரியாகவே கணக்கிட்டது. ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு, மொத்தத்தில் மாற்றமில்லை.

உதைத்தது உராய்வில்தான். மியூனிக் நகர ஆயுதச் சாலையில் குதிரை பூட்டிப் பீரங்கிக் குழாய் துளைப்பதை மேற்பார்வை பார்த்தவர் ரம்ஃபோர்ட் பிரபு. துளைக்கும் உலோகத்தைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், தண்ணீர் கொதித்தது. துளைத்துக்கொண்டே இருந்தால் சூடும் வந்துகொண்டே இருந்தது. இருப்பே தீராத கஜானா எங்காவது உண்டா? 1798-ல் இதை அவர் வெளியிட்டும் கலோரிக் கொள்கை சாகவில்லை.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818-ல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பாவுக்குச் சொந்தமாகப் பெரிய பீர் ஆலை. சிறுவயதில் ட்யூஷன் எடுத்தவர் வேறு யாருமல்ல, அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டன்! மற்றபடி ஜூலுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஆராய்ச்சிக்கு வந்த வழியும் வேடிக்கையானது. மின் மோட்டார் அன்று புது வரவு. ஆலையின் நீராவி எஞ்சினுக்குப் பதில் மோட்டாரை வைத்தால் லாபமா என்று பார்க்கக் கிளம்பினார். மோட்டாருக்கு மின்கலம் வேண்டும், மின்கலம் துத்தநாகத்தைத் தின்னும். 1841-ல் அவர் போட்ட கணக்குப்படி ஒரு பவுண்ட் துத்தநாகம் செய்த வேலை, நல்ல நீராவி எஞ்சினில் ஒரு பவுண்ட் நிலக்கரி செய்யும் வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். துத்தநாகமோ நிலக்கரியைவிட விலை அதிகம். படுநஷ்டம்.

வெறும் வியாபாரியாக இருந்திருந்தால் கணக்கை அத்தோடு மூடியிருப்பார். ஜூலோ நஷ்டம் எங்கே போனது என்று தேடினார். மின்சாரம் ஓடும் கம்பி சூடாவதை 1840-லேயே அளந்திருந்தார். அடுத்து, விழும் எடையைக் கொண்டு, தண்ணீருக்குள் இருந்த ஒரு கம்பிச்சுருளைக் காந்தத்துக்கு நடுவே சுழல வைத்தார். தண்ணீர் சூடானது. அந்தச் சூடு வேறு எங்கிருந்தும் ஓடி வரவில்லை, எடை செய்த வேலைதான் வெப்பமாகியிருக்கிறது. 1843-ல் கார்க் நகரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதைச் சொன்னார். சபையில் ஒரே மௌனம். அடுத்த வருடம் காற்றை அழுத்தும் சோதனை பற்றி எழுதிய கட்டுரையை ராயல் சொசைட்டி ஏற்கவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அவருடைய புகழ்பெற்ற சோதனையில் எடைகள் விழுந்து, தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழற்றும். ஐந்தடி உயரத்திலிருந்து இருபது முறை விழவைத்தும் தண்ணீரில் ஏறிய சூடு அரை டிகிரி பாரன்ஹீட்தான்! ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைப் படிக்க முடியும் என்று பீர் ஆலைக்காரர் சொன்னால் பேராசிரியர்கள் எப்படி நம்புவார்கள்? ஆனால் காய்ச்சும்போது சூடு பிசகினால் பீரே கெட்டுவிடும். அந்தத் தொழிலில் வளர்ந்தவருக்கு வெப்பமானி புதிதல்ல.

1847-ல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் சுருக்கமாகப் பேசச் சொல்லிவிட்டார்கள். அங்கும் அப்படியே போயிருக்கும், வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் இல்லாவிட்டால். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவரே. உடனே நம்பிவிடவில்லை, ஆனால் விடவும் முடியவில்லை. அந்தக் கோடையில் ஆல்ப்ஸ் மலைப்பாதையில் புதுமாப்பிள்ளை ஜூலைச் சந்தித்ததாகவும், அருவியின் சூட்டை அளக்க அவர் கையில் நீளமான வெப்பமானி இருந்ததாகவும் கெல்வின் பிற்பாடு சொன்னார். கொஞ்சம் மசாலா சேர்த்த கதையாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் கணக்கு உண்மை. சுமார் 160 அடி விழும் நயாகரா தண்ணீரில் ஐந்தில் ஒரு டிகிரி சூடு ஏறும் என்று ஜூல் 1845-லேயே எழுதியிருந்தார்.

கப்பல் டாக்டரின் கதைக்கு இவ்வளவு நல்ல திருப்பம் இல்லை. ஜெர்மானியரான ராபர்ட் மேயர் 1840-ல் டச்சுக் கப்பலில் ஜாவா போனார். மாலுமிகளின் சிரை ரத்தம் அங்கே வழக்கத்தைவிடச் சிவப்பாக இருந்தது. வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைக்கக் குறைந்த ஆக்சிஜன் போதும் என்று யோசித்துப்போனவர், வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறுபவை என்ற முடிவுக்கு வந்தார். 1842-ல், ஜூலுக்கு ஒரு வருடம் முன்பே, மாற்று விகிதத்தையும் அச்சிட்டுவிட்டார். யாரும் படிக்கவில்லை. 1848-ல் இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். யார் முதலில் என்ற சண்டையில் பெயரும் அடிபட்டது. 1850-ல் மாடி ஜன்னலிலிருந்து குதித்து உயிர் பிழைத்தார், பிறகு மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். ராயல் சொசைட்டி தன் காப்ளி பதக்கத்தை 1870-ல் ஜூலுக்கும் 1871-ல் மேயருக்கும் தந்தது. அளவைக்கு வைத்த பெயர் மட்டும் ஜூல்.

ஒரு பவுண்ட் தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்க, ஒரு பவுண்ட் எடை எத்தனை அடி விழ வேண்டும்? 1889-ல் இறந்த ஜூலின் கல்லறையில், பெயருக்கு மேலே 772.55 என்ற அந்த எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். இன்றைய அளவீட்டில் அது 778.