கல்லும் எண்ணெயும்

பெத்தேலில் தலைக்கு வைத்துப் படுத்த கல்லை யாக்கோபு அதிகாலையில் எழுந்து தூணாக நாட்டி, அதன்மேல் எண்ணெய் வார்த்தார் எனத் தொடக்கநூல் கூறுகிறது. இதைச் சேலத்துச் சீமைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாக வாங்கிய கல்சட்டியை அவர்கள் உடனே அடுப்பில் ஏற்றுவதில்லை. எண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவிடுவர். பின் சுடுகஞ்சியை ஊற்றிப் பல நாள் பழக்குவர். மாக்கல் நகத்தால் கீறினாலே தடம் விழும் மென்மையுடையது. ஆயினும் எண்ணெயும் கஞ்சியும் நுண்துளைகளில் இறங்கிய பின், அது தலைமுறைகளுக்கு உழைக்கும். புளிக்குழம்பும் அதில் கெடுவதில்லை. இன்று கடைகளில் 'சீலர்' என விற்கப்படும் மருந்தின் வேலையை நம் பாட்டிமார் கஞ்சியால் செய்தனர்.

திருச்சபையும் தன் கல்லை இவ்வாறே பேணியது. தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். அக்கால மறைபோதகர், அர்ச்சிக்கப்பட்ட சிறு பீடக்கல்லைத் தம்முடன் சுமந்து செல்வது வழக்கம். அதன்மீதே திருப்பலி நிறைவேறும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், நிலையான பீடத்தின் மேற்பலகை ஒரே இயற்கைக் கல்லாக இருத்தல் வேண்டும் என்ற மரபைக் காக்கிறது. ஆயர் பேரவை இசைந்தால் தகுதியான வேறு பொருளும் ஆகலாம். அர்ச்சிப்பின்போது ஆயர் கிறிஸ்மா தைலத்தை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வார்த்து, பலகை முழுவதும் பூசுகிறார். பின்னர்ப் பணியாளர் துணியால் துடைக்கின்றனர். கல் குடித்த தைலம் பீடத்துகிலில் கறையாகும் என்பதால், முற்காலத்தில் மெழுகு தோய்த்த துணி ஒன்றை அடியில் விரித்தனர். வழிபாட்டு நூல்களில் இத்தகைய வீட்டுப் புத்தியைக் காணும்போது நமக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால் கல்லைப் பற்றிய அறியாமைக்கு நாமே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் திருவிழாவிற்காகப் பழைய ஆலயத்தைத் துலக்க விரும்பினோம். வேலையை ஏற்றவர் தளமெங்கும் ஆசிட் ஊற்றினார். கருங்கல் ஓரளவு தாங்கியது. சுவரடியில் பதித்திருந்த பளிங்குக் கல்வெட்டிலோ ஆசிட் பட்டதும் நுரை பொங்கியது. பளிங்கு சுண்ணாம்பின் இனம். எலுமிச்சைச் சாறுகூட அதன் மெருகைத் தின்றுவிடும். எஞ்சியதை மெருகேற்றும் எந்திரம் தேய்த்தது. ஆலயத்தைக் கட்டியவர் பெயரும் ஆண்டும் அதில் இருந்தன. வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. "பளபளவென்று இருக்கிறது சாமி" என்றார் அவர். நாமும் தலையசைத்துக் கூலி கொடுத்தோம்.

நாமக்கல் மலைக்குச் செல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் குடைந்த குகையை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று குறிக்கும் எழுத்து இன்றும் அங்கே நிற்கிறது. தமிழகத்தின் வேறு கோயில்கள் சிலவற்றில், மணலை விசையுடன் பீய்ச்சிச் சுவரைத் துலக்கியதால் கல்வெட்டுகள் மழுங்கின. பின்னரே அம்முறை தடை செய்யப்பட்டது. ஆயிரம் ஆண்டு மழை செய்யாததை ஒரு பிற்பகல் செய்துவிடுகிறது.

அப்பங்கிற்கு அண்மையில் சென்றிருந்தோம். இப்போது அங்கே கல்லை வெறும் நீரும் மென்துணியும் கொண்டே துடைக்கின்றனர். காலைத் திருப்பலி முடிந்து வெயில் சாய்வாக விழுந்தபோது குனிந்து பார்த்தோம். முதல் வரியில் மூன்றெழுத்துத் தெரிந்தது, ஆண்டு தெரியவில்லை.