கண்ணை அளந்த கதை

மூக்குக்கண்ணாடி வாங்கப் போகிறோம். ஒரு கருவியின் முன் உட்காரச் சொல்கிறார்கள். மோவாயை அதன் தாங்கியில் வைக்கிறோம். சில விநாடிகளில் எண்கள் அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்று வெளியே வருகிறது. அந்தச் சீட்டை எவ்வளவு நம்பலாம்? இதை அறிய, மனிதன் கண்ணை அளக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1619-ஆம் ஆண்டில் கிறிஸ்டோப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஒரு சோதனையை எழுதி வைத்தார். அட்டையில் ஊசியால் அருகருகே இரண்டு துளைகள் இட்டு, அவற்றின் வழியே ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். பார்வை சரியாகக் குவிந்தால் பொருள் ஒன்றாகத் தெரியும். குவியாவிட்டால் இரண்டாகத் தெரியும். இன்றைய கருவிகள் பலவற்றுக்கு இந்த எளிய சோதனையே அடிப்படை.

நம் கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடிபோல், தெளிவான படலம் ஒன்று இருக்கிறது. அதைக் கார்னியா என்பார்கள். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. அந்தப் படலம் ஒரு திசையில் அதிகமாகவும், குறுக்குத் திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் பார்வை மங்கும். ஆனால் அது ஒழுங்கான குறை. ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானநூலார் தம் இடது கண்ணில் இருந்த இத்தகைய குறையைத் தாமே அளந்து, 1825-இல் அதற்கேற்ற வில்லையைச் செய்வித்து அணிந்தார்.

ஒழுங்கில்லாத குறையும் உண்டு. 1854-இல் லிவர்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம், கார்னியா மெலிந்து கூம்புபோல் முன்னே தள்ளும் நோயைப் பற்றி விரிவாக எழுதினார். 1880-இல் போர்ச்சுக்கல் மருத்துவர் பிளாசிடோ, கறுப்பு வெள்ளை வளையங்கள் வரைந்த வட்டத் தட்டு ஒன்றைச் செய்தார். அவ்வளையங்கள் கார்னியாவில் பிரதிபலிக்கும். அவை கோணலாகத் தெரிந்தால் படலம் கோணல் என்று பொருள்.

1970-ஆம் ஆண்டுகளில் தானே கண்ணை அளக்கும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே செலுத்தி, விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளியைக்கொண்டு அவை கணக்கிடுகின்றன.

ஒரே வாளிப் பாலை இரண்டு முறை நிறுத்தால் ஒரே எடை வரவேண்டும் அல்லவா? நல்ல கார்னியா உள்ள பெரியவர்களுக்கு இக்கருவியும் அப்படித்தான். திரும்பத் திரும்ப அளந்தாலும் பெரும்பாலும் அரை டயாப்டருக்குள்தான் வேறுபாடு இருக்கும். கூம்பு கார்னியாவிலும் தழும்பு விழுந்த கார்னியாவிலும் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒளியை ஒவ்வொரு விதமாக வளைக்கிறது. கருவியோ நடுவிலுள்ள சிறு பகுதியை மட்டும் அளக்கிறது. கண் இம்மியளவு நகர்ந்தாலும் எண் மாறும். சில வேளைகளில் எண்ணே வராது. இது தராசின் பழுதன்று. ஓர் எண்ணில் அடங்காததை ஓர் எண்ணால் சொல்ல முயல்வதால் வரும் தொல்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? செம்பனைக் குலை வெட்டும்போது கண்ணில் விழும் துகள் கார்னியாவில் தழும்பை உண்டாக்கலாம். வெயிலில் உழைப்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து சதை வளர்ந்து கார்னியாவை இழுக்கலாம். கூம்பு கார்னியா பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. கண்ணை அடிக்கடி கசக்குவது அதற்குத் துணைபோகிறது.

ஆகவே, சீட்டில் வந்த எண் தொடக்கம்தான்; முடிவன்று. சோதனை வில்லைகளைப் போட்டு, சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் செய்த பிறகே கண்ணாடி செய்ய வேண்டும். பழைய காயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அளக்கும்தோறும் எண் மாறினாலோ, அடிக்கடி கண்ணாடி மாற்ற நேர்ந்தாலோ, மருத்துவமனைக் கண் பிரிவில் கார்னியாவின் வடிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கூம்பு கார்னியாவை முன்னதாகக் கண்டால், அது மேலும் மோசமாகாமல் தடுக்க இன்று சிகிச்சை உண்டு.

புதுக் கண்ணாடி போட்டும் கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால், சாக்குச் சொல்வதாக ஏசாதீர்கள். கருவி சொல்வதைக் கேட்ட நாம், பிள்ளை சொல்வதையும் கேட்போம்.