டர்போவும் சென்சாரும்: டீசல் வண்டிக்கு வைத்தியம் பார்த்த வரலாறு

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் இங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து எதுவுமே இல்லாமல் எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஒரே பாறை என்பதால் கழன்று விழ அதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கம் ஓடும் பேருந்துகளும் நெல் லாரிகளும் இதற்கு நேர்மாறு. டீசல் எஞ்சினில் எங்கு பார்த்தாலும் குழாய்கள், மூட்டுகள், கிளாம்புகள். இவற்றில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் முறை சுமார் எழுபது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. எப்படி?

காதும் ஸ்பானரும்

1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் தயாரான அதன் வண்டிகள் தமிழகமெங்கும் ஓடின. 1975ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றும் உருவானது. அந்தக் கால எஞ்சின்களில் கணினி கிடையாது. எஞ்சின் 'மிஸ்ஸிங்' ஆனால் மெக்கானிக் அதை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்துவார். சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மாறாவிட்டால் கோளாறு அங்கேதான். ஒரு ஸ்பானரும் நல்ல காதும் போதும்!

டர்போ வந்தது

எஞ்சின் கூடுதலாக இழுக்க வேண்டுமானால் கூடுதல் டீசலை எரிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். இதற்கான வழியைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905லேயே காப்புரிமை செய்தார். வீணாக வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். 1920களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் இதைப் பொருத்தியபோது எஞ்சினின் திறன் 1,750லிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்ந்தது.

இன்றைய வண்டிகளில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயிலை மாற்றாமல் ஓட்டுவதும், பாரத்தோடு ஓடி வந்த வண்டியைச் சட்டென்று அணைப்பதும் டர்போவுக்கு எமன் ஆவது இதனால்தான்.

சென்சார் வந்தது

1997ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் 'காமன் ரயில்' முறை அறிமுகமானது. 2002ல் ஹூண்டாய் ஆக்சென்ட் கார் மூலம் இந்தியாவுக்கும் வந்தது. அந்தக் கார் தயாரானது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில். இம்முறையில் எவ்வளவு டீசல், எப்போது என்பதைச் சென்சார்களைக் கேட்டுக் கணினி முடிவு செய்கிறது. தொடக்கத்திலேயே குழாயில் டீசலின் அழுத்தம் 1,350 பார் வரை போனது. பழைய பழக்கத்தில் ஓடும் எஞ்சினின் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கற்ற வித்தை ஆபத்தாகிவிட்டது.

புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரலில் வந்தது. சென்சார்கள் பெருகின. ஸ்கேனர் இல்லாத பட்டறைகள் திணறின.

எண் சொல்வதும் சொல்லாததும்

வண்டியில் பிக்கப் இல்லை, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் 'பி0299' என்று வருகிறது. உடனே 'டர்போ போச்சு' என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஆனால் அந்த எண்ணின் பொருள், எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே. இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம். அழுத்தத்தை அளக்கும் சென்சாரிலேயே கரி படிந்திருக்கலாம்.

இங்கேதான் பழைய வித்தை மீண்டும் கைகொடுக்கிறது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று சந்தேகிக்கலாம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போவின் சீலைப் பார்க்க வேண்டும். வேகம் கூட்டும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் ஹோஸை விரலால் தடவித் தேடலாம், எஞ்சினை அணைத்து ஆறவிட்ட பிறகு. கசியும் இடத்தில் பெரும்பாலும் ஆயில் ஈரம் இருக்கும்.

இது வெறும் தொழில்நுட்பம் இல்லை. அறுவடை நேரத்தில் செஞ்சி விற்பனைக்கூடத்துக்கு நெல் ஏற்றும் சிறு வண்டிக்காரருக்கு நின்றுபோன ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஒரு கிளாம்பை முறுக்கினால் தீரும் கோளாறுக்குப் புது டர்போ வாங்க வைத்தால் அவருடைய பல வார உழைப்பு போய்விடும்.

ஆகவே விளக்கு எரிந்தால் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு எதையும் மாற்றுவதற்கு முன், ஹோஸையும் கிளாம்பையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.