உயர்த்தினால் போதுமா? பழைய ஜீப்புகளின் ஸ்பிரிங் வரலாறு

பழைய ஜீப் ஒண்டு கையில் கிடைத்தால் எங்களில் பலருக்கு முதலில் வாற ஆசை அதை உயர்த்திப் பார்க்கிறதுதான். ஸ்பிரிங்குக்கு மேலதிகத் தகடு, பெரிய ரயர், சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஆள் தலையை விடக்கூடிய இடைவெளி. படம் எடுத்துப் போட்டால் லைக் அள்ளும். ஆனால் அந்த ஜீப் கல்லும் கிடங்குமான பாதையில் முன்னரைவிட நன்றாக ஏறுகிறதா எண்டு கேட்டால், பல வேளைகளில் இல்லை எண்டுதான் பதில் வரும். சில வேளைகளில் முன்னர் ஏறின இடத்திலேயே இப்ப சில்லு அந்தரத்தில் சுத்திக்கொண்டு நிற்கும்.

உயரமும் நெளிவும் ஒன்றல்ல. உயரம் என்பது வண்டியின் உடம்பு நிலத்திலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. நெளிவு என்பது ஒரு பக்கச் சில்லு கல்லில் ஏறும்போது மறுபக்கச் சில்லு கிடங்குக்குள் இறங்கி நிலத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கக்கூடிய தன்மை. கடந்த எண்பது வருட ஜீப் வரலாற்றைப் பார்த்தால், இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்த பிழைகளும், அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடங்களும்தான் அதன் பெரும்பகுதி.

சில்லு ஏன் நிலத்தில் நிற்க வேண்டும்?

அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற டிபரன்ஷலைக் கவனித்திருப்பீர்கள். இயந்திரத்தின் விசையை இடது, வலது சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அதுதான். சாதாரண டிபரன்ஷல் இரண்டு பக்கத்துக்கும் சம அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு அந்தரத்தில் நிண்டால் அதைச் சுத்துவதற்கு விசையே தேவையில்லை. ஆகவே நிலத்தில் நிற்கிற மற்றச் சில்லுக்கும் கிட்டத்தட்ட ஒண்டும் போகாது. நாலு சில்லுக்கும் விசை போகிற வண்டி எண்டாலும், முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு எனக் குறுக்காக இரண்டு சில்லுத் தூக்கினால் வண்டி அப்படியே நிற்கும். இதனால்தான் நெளிவு என்பது வசதிக்கான விசயமல்ல; வண்டி நகருமா இல்லையா எண்டு தீர்மானிப்பதே அதுதான்.

தகட்டு ஸ்பிரிங்கின் காலம்

1940இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய நாலு சில்லு இயக்க வண்டி கேட்டது. முதல் மாதிரியைக் கட்டிக் கொடுக்க பான்டம் நிறுவனத்துக்குக் கிடைத்த கால அவகாசம் வெறும் 49 நாள். அந்த அவசரத்தில் புதிதாக ஒண்டைக் கண்டுபிடிக்க நேரமில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் முழு அச்சு, அவற்றைத் தாங்க அடுக்குத் தகட்டு ஸ்பிரிங். பிறகு வில்லிஸும் போர்ட்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் கட்டிய ஜீப்பிலும் இதே ஏற்பாடுதான்.

தகட்டு ஸ்பிரிங்கை மட்டமாக நினைக்கக் கூடாது. அது பாரத்தையும் தாங்கும், அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கும். வேறு கம்பியோ கையோ தேவையில்லை. ஒரு தகடு உடைந்தால் கிராமத்துக் கொல்லன் பட்டறையிலும் ஒருவாறு சரிக்கட்டலாம். குறை என்னவெண்டால், தகடுகள் ஒண்டோடொண்டு உரசும். கறள் பிடித்தால் இன்னும் இறுகும். பாரம் சுமக்கப் போட்ட தகடுகள் வெறும் வண்டியில் வளைந்து கொடுக்காது.

1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் அறிமுகமானது. இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்து மொரிஸ் வில்க்ஸ், தன் பண்ணையில் ஓடிய போர்க்கால ஜீப்பைப் பார்த்துத்தான் இதற்கான யோசனையைப் பெற்றார். ஜீப்பைப் போலவே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 80 அங்குலம், தகட்டு ஸ்பிரிங். எங்கட மலையகத் தோட்டங்களில் துரைமார் ஓடித் திரிந்த லாண்ட் றோவர்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியாவில் மஹிந்திரா கட்டின ஜீப்புகளோ வில்லிஸின் நேரடி வாரிசுகள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு வண்டி வந்தது: உனிமொக். அது விவசாயத்துக்காகச் செய்யப்பட்டது. இடது, வலது சில்லுகளுக்கு இடையிலான அகலத்தையே இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்கு ஏற்றமாதிரி வைத்தார்கள். அதில் தகட்டுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். அதைவிட முக்கியமாக, சில்லின் மையத்தைவிட அச்சு மேலே இருக்கிறமாதிரி, ஒவ்வொரு சில்லடியிலும் ஒரு பல்லுச்சக்கர இணைப்பு. இதனால் டிபரன்ஷலே நிலத்திலிருந்து உயர்ந்து நிண்டது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடம்புதான் உயரும். முழு அச்சு வண்டியில் டிபரன்ஷல் பழைய இடத்திலேயே தொங்கும். கல்லில் முதலில் இடிபடுவதும் அதுதான். சாதாரண ஜீப்பில் அதை உயர்த்த ஒரே வழி பெரிய ரயர். அதுவும் ரயரின் விட்டம் 3 அங்குலம் கூடினால் டிபரன்ஷல் உயர்வது ஒண்டரை அங்குலம் மட்டுமே.

கராஜுகளில் நடந்த ஆராய்ச்சி

போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த ஜீப்புகளை அமெரிக்கர் விளையாட்டுக்காக ஓடத் தொடங்கினார்கள். கலிபோர்ணியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகன் பாதை என்ற ஒண்டு இருக்கிறது. பாதை எண்டு பெயர்தான், உண்மையில் பாறைக் குவியல். 1953இல் அங்கு ஜீப்காரர் கூட்டாகப் பயணம் போகிற வழக்கம் தொடங்கியது. 1967இல் யூட்டா மாநிலத்தின் மோவாப்பிலும் இப்படி ஒண்டு ஆரம்பமானது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டி போதாது எண்டு கண்ட ஆட்கள் கராஜுகளில் தாங்களாகவே வேலையைத் தொடங்கினார்கள்.

முதல் வழி, இருக்கிற அடுக்கில் இன்னுமொரு தகடு செருகுவது. மலிவு, ஒரே நாள் வேலை. வண்டி உயரும். ஆனால் ஸ்பிரிங் இன்னும் இறுகும், நெளிவு குறையும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் செசியோடு கோர்க்கிற ஷெக்கலை நீட்டுவது. மற்ற நுனி நிலையாக இருப்பதால் ஷெக்கல் 2 அங்குலம் நீண்டால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். அதோடு முன் அச்சு சற்றுத் திரும்பி ஸ்டியரிங்கின் கோணமும் மாறும். பிறகு நேர் றோட்டில் வண்டி அங்கையும் இங்கையும் அலையும்.

மூன்றாவது, செசிக்கும் உடம்புக்கும் நடுவில் கட்டை வைப்பது. இதனால் பெரிய ரயர் போட இடம் கிடைக்கும். நெளிவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான்காவதுதான் பெரிய வேலை. பழைய ஜீப்புகளில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றினால் ஒரே அடியில் சுமார் 5 அங்குலம் உயரும். பழைய மெல்லிய தகடுகளையே வைத்துக்கொள்ளலாம் என்பதால் நெளிவும் கெடாது. லாண்ட் றோவரில் இது தொழிற்சாலையிலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் இதற்குப் பிறகு வாற செலவுப் பட்டியல் நீளமானது. விசை கொடுக்கும்போது ஸ்பிரிங் பாம்பு மாதிரி முறுகும். புரொப்பெலர் தண்டின் கோணம் கூடி அதிரும். ஸ்டியரிங் தண்டு சரிந்து, கிடங்கில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பறிக்கும். பிரேக் குழாய் எட்டாது. சொக் அப்சோபர் நீளம் காணாவிட்டால், சில்லு இறங்க முதல் சொக் அதைப் பிடித்து நிறுத்திவிடும். அந்த இழுவையிலேயே சொக்கும் உடையும். ஓரிடத்தைத் தொட்டால் ஒன்பது இடத்தைத் தொட வேண்டும் எண்டு அந்தக் கராஜ்காரர் கண்டுகொண்டார்கள்.

பெரிய ரயரின் விலை என்னவெண்டு 1972இல் ஒரு பயணம் காட்டியது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலான டேரியன் காட்டை இரண்டு றேஞ்ச் றோவர்களோடு கடக்கப் போனது பிரித்தானியக் குழு ஒன்று. சேற்றுக்காகப் போட்ட பெரிய ரயர்களும் கூடின பாரமும் சேர்ந்து டிபரன்ஷல்களை உடைத்தன. உதிரிப்பாகம் வந்து சேரும்வரை பயணம் நிண்டுபோனது.

விழுந்த வண்டிகள்

உயரத்துக்கான ஆகப் பெரிய விலை கவிழ்வதுதான். கணக்கு லேசானது. இடது, வலது சில்லுகளுக்கு இடையில் 50 அங்குலம், வண்டியின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து 25 அங்குலம் எண்டு வையுங்கோ. ஸ்பிரிங், ரயரின் அமுக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அது 45 பாகை சரிவில் விழும். வண்டியை 4 அங்குலம் தூக்க, ஈர்ப்பு மையம் 3 அங்குலம் மேலே போனால், 42 பாகையிலேயே விழும். சரிவில் வெட்டித் திருப்பினாலோ, வேகத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தாலோ, இந்த 3 பாகை உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரம்.

தொழிற்சாலை உயரத்திலேயே ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருந்த சிஜே-5 ஜீப் கவிழ்கிற காட்சிகளை 1980 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான சிக்ஸ்டி மினிட்ஸ் காட்டியது. நாடே பதறியது. 1986இல் வந்த ரங்லர் முந்தின ஜீப்பைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தது. வளைவில் உடம்பு சரியாமல் தடுக்கிற ஸ்டபிலைசர் கம்பியும், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கிற கம்பிகளும் சேர்க்கப்பட்டன. றோட்டில் பாதுகாப்பு, பாறையில் இறுக்கம். உடனே கராஜ்காரர் என்ன செய்தார்கள்? அந்தக் கம்பிகளைக் கழற்றினார்கள். பாறையில் நெளிவு வந்தது. கழற்றினதைத் திரும்பப் பூட்டாமல் நெடுஞ்சாலையில் ஓடினவர்களுக்கு ஆபத்தும் சேர்ந்தே வந்தது.

சுருள் ஸ்பிரிங் சொன்ன பதில்

றோவர் நிறுவனத்தின் ஸ்பென் கிங் குழு 1970இல் வெளியிட்ட றேஞ்ச் றோவர் இந்தப் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. முழு அச்சை வைத்துக்கொண்டே, நீளமாக ஏறி இறங்கும் மென்மையான சுருள் ஸ்பிரிங்கைப் போட்டார்கள். அச்சைப் பிடிக்கிற வேலையைத் தனிக் கைகளிடம் கொடுத்தார்கள். உயரம் பெரிதாக மாறவில்லை. சில்லின் பயணம்தான் கூடியது. அதே யோசனை 1983இல் வேலைக்கார வண்டியான லாண்ட் றோவர் வண் ரென்னுக்கு வந்தது. ரங்லருக்கு அது வந்து சேர 1996 ஆனது. பத்து வருடம் கழித்து வந்த ரங்லர் ரூபிகனில், முன் ஸ்டபிலைசர் கம்பியை ஒரு பொத்தானை அமத்திக் கழற்றலாம்; வேகம் கூடினால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். கராஜ்காரர் சாவியோடு நிலத்தில் படுத்திருந்து செய்ததைத்தான் தொழிற்சாலை பொத்தானாக்கியது. இந்த வரலாற்றில் கண்டுபிடிப்பு ஒரு பக்கத்தின் சொத்தல்ல.

நெளிவை அளக்க அமெரிக்கர் ஒரு சரிவுப் பலகையும் வைத்திருந்தார்கள். 20 பாகைச் சரிவில் ஒரு முன் சில்லை மட்டும் ஏற்றி, இன்னொரு சில்லு நிலத்தை விடும்வரை போவார்கள். ஏறின தூரத்தை முன்பின் சில்லுகளுக்கு இடையிலான தூரத்தால் பிரித்து ஆயிரத்தால் பெருக்கினால் புள்ளி வரும். 80 அங்குல வண்டி 40 அங்குலம் ஏறினால் 500. நல்ல அளவுகோல்தான், ஆனால் அதுவும் போட்டியாகிப் போனது. சில்லு வெறுமனே தொங்கி நிலத்தைத் தொட்டால் புள்ளி கிடைக்கும், பாரம் இல்லாத சில்லு வண்டியை இழுக்காது.

எங்கட பாதைகளில்

இதையெல்லாம் இப்ப ஏன் எழுதுகிறோம்? பழைய லாண்ட் றோவரும் ஜீப்பும் இங்கே அலங்காரப் பொருள் மட்டுமல்ல. பஸ் போகாத மலைப் பாதைகளில் ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அவை இன்னும் ஓடுகின்றன. ஓட்டுபவருக்கு உயரம் ஒரு ஆசையாக இருக்கலாம். பின்னுக்கு இருக்கிற ஆச்சியிடமும் பள்ளிக்கூடப் பிள்ளையிடமும் அதை யாரும் கேட்பதில்லை.

ஆகவே கையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வரலாறு சொல்கிற ஒழுங்கு இது. முதலில் தகடுகளைக் கழற்றிக் கறளைத் துடைத்து, தேய்ந்த புஷ்களை மாற்றுங்கோ. நீங்கள் தேடுகிற நெளிவில் கொஞ்சம் அங்கேயே ஒளிந்திருக்கும். காசு இருந்தால், நுனிகளில் மட்டும் தொடுகிற மெல்லிய பரபோலிக் தகடுகளைப் பாருங்கோ. குறைந்த தகடு, குறைந்த உரசல். சில்லு இறங்குகிற அளவுக்குச் சொக்கும் பிரேக் குழாயும் காணுமா எண்டு அளந்து பாருங்கோ. உயர்த்துவது இவை எல்லாம் முடிந்த பிறகுதான், அதுவும் போடப்போகிற ரயருக்குத் தேவையான அளவுக்கு மட்டும்.

இப்படிச் செய்த வண்டி படத்தில் பெரிதாகத் தெரியாது. கிடங்கில் நாலு சில்லும் நிலத்தில் நிற்கும். பின்னுக்கு இருக்கிறவர்கள் வீடு போய்ச் சேருவார்கள்.