ஒரு மாதக் கெடு

ஒரு நாவல் எத்தனை நாளில் எழுதப்பட்டது என்று தமிழில் விமர்சகர்கள் வெளிப்படையாகக் கேட்பதில்லை. ஆனால் பதிலை மனசில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். சீக்கிரம் எழுதினது என்றால் தொடர்கதை, மாத நாவல், பஸ் ஸ்டாண்டுச் சரக்கு. வருஷக்கணக்கில் காத்திருந்து எழுதினது என்றால் இலக்கியம். சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் 1966, 1981, 1998 என்று வந்தன. அந்த இடைவெளிகளையே நாவல்களின் குணங்களில் ஒன்றாகச் சிறுபத்திரிகை வட்டாரத்தில் நாம் சொல்லி வந்திருக்கிறோம். அது குணமா, வெறும் தகவலா என்று விசாரித்தவர்கள் குறைவு.

விசாரிக்க இப்போது ஒரு முகாந்திரம் இருக்கிறது. 1999 ஜூலையில், ஸான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞரும் அவருடைய சிநேகிதர்களுமாக 21 பேர், ஒரு மாதத்துக்குள் ஆளுக்கொரு நாவல் எழுதி முடிப்பதென்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். கோடையில் வெளியே வெயில் கூப்பிடுகிறது, மோசமான பருவம்தான் ஆளை மேஜையில் உட்காரவைக்கும் என்று காரணம் சொன்னார்கள். அளவு 50,000 சொற்கள். நாளுக்குச் சராசரி 1,667. பிற்பாடு ஏப்ரலிலும் ஜூலையிலும் 'முகாம்' என்ற பெயரில் கோடைப் பந்தயமும் திரும்பி வந்தது. நானோரைமோ என்று சுருக்கிச் சொல்லப்பட்ட இந்த விளையாட்டு ஒரு நிறுவனமாக வளர்ந்து, லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தது. 2024இல் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவதைக் கண்டிக்க மறுத்துச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. 2025 மார்ச்சில் கடையை மூடுவதாக அறிவித்தது. இயந்திரம் ஒரு நிமிஷத்தில் 1,667 சொற்களைக் கொட்டிவிடும் என்ற நிலை வந்தபோது, சொற்களை எண்ணும் பந்தயத்துக்குத் தடுமாற்றம் வந்ததில் ஆச்சரியமில்லை.

தமிழில் இந்தப் பந்தயத்தைக் கட்டுகிறவர் முதலில் இடறும் இடமும் இந்த எண்ணிக்கைதான். 'வரமுடியாதவர்களுக்காகத்தான்' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் ஆறு சொற்களாவது வேண்டும். ஆக 50,000 தமிழ்ச் சொல் என்பது அவர்கள் நினைத்த நாவலைவிடக் கணிசமாகப் பெரிய நாவல். இதற்கு மறுபக்கமும் உண்டு. 'போய்க்கொண்டிருந்தான்' சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் மூன்று. இடைவெளி விட்டே ஒருவர் ஜெயித்துவிடலாம். அச்சகத்தில் ஃபாரக் கணக்கும் பத்திரிகையில் பக்கக் கணக்கும் நம்மிடையே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ. பக்கக் கணக்கிலும் ஏமாற்ற வழியுண்டு. "யார்?" "நான்தான்." "நான்தான்னா?" என்று வரிக்கொரு பேச்சாக அடுக்கிக்கொண்டே போனால் பக்கம் தானாக நிரம்பும். மாத நாவல் வாசகர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும்.

மாதம் என்ற அளவு தமிழ் நாவலுக்குள் நுழைந்தது அமெரிக்கப் பந்தயத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளைக்குக் கெடு எதுவும் இருக்கவில்லை. அவர் நாவல் 1879இல் நேராகப் புத்தகமாகவே வந்தது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'தான் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் வெளிவந்தது. வாசகன் அடுத்த மாதத்துக்குக் காத்திருந்தான், ஆசிரியனும் காத்திருந்தான். அந்த நாவலின் முதல் பாதி கிராமத்தின் வம்பளப்பிலும் பிற்பாதி வேதாந்தத்திலும் கிடப்பதை எல்லா விமர்சகர்களும் குறையாகச் சொல்லியாயிற்று. இரண்டு வருஷம் மாதத்தவணையில் எழுதும் இளைஞன் அந்த இரண்டு வருஷத்தில் மாறிப்போகிறான் என்பதன் பதிவாக அதை வாசிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. ஒரே மாதத்தில் எழுதியிருந்தால் நாவல் ஒருமையோடு இருந்திருக்கும். ராஜம் ஐயர் அதில் இருந்திருக்கமாட்டார்.

1925இல் 'ஜகன்மோகினி' வை. மு. கோதைநாயகியின் கைக்கு வந்தது. முறையாக எழுதக் கற்காத நிலையில், தோழி பட்டம்மாள் எழுத, வாயால் சொல்லியே முதல் நாடகத்தை உருவாக்கியவர் அவர். 35 வருஷம் பத்திரிகை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். பத்திரிகையை மாதாமாதம் நிரப்ப வேண்டும். நிரப்புகிறவரே ஆசிரியர், அவரே முதலாளி. அவர் நாவல்களின் தரம் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தக் கெடு அவருடைய சொந்தக் கெடு என்பதை மறக்கக்கூடாது.

பிறகு நடந்தது வேறு. 1969இல் 'ராணி முத்து' வந்தது. தொடர்ந்து 'மாலைமதி', 1980களில் ஜி. அசோகனின் 'பாக்கெட் நாவல்', இன்னும் பல. 1893இல் ஒரு மாதம் சில அத்தியாயங்களைச் சுமந்தது; இப்போது ஒரு முழு நாவலைச் சுமந்தது. எங்கள் மலையிலிருந்து இறங்கினால் கோயம்புத்தூர். அங்கே உட்கார்ந்து ராஜேஷ்குமார் 1,500க்கு மேல் நாவல் எழுதியிருக்கிறார். வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு இரண்டுக்கு மேலேயே வருகிறது. அமெரிக்கர்கள் வருஷத்துக்கொரு தடவை பட்டாசு வெடித்துக் கொண்டாடினது நமக்குப் பிழைப்பாக இருந்தது. இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கெடு, பஸ் ஸ்டாண்டுக் கடைக்குக் கட்டு போய்ச்சேர வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வைக்கப்பட்ட கெடு. எழுதுகிறவனுடைய நாளை வேறொருவர் எண்ணினார்.

சிறுபத்திரிகைக்காரர்கள் இதை எதிர்த்தார்கள், எதிர்த்தது சரி. ஆனால் எதிர்க்கும்போது அந்த வேறொருவரை விட்டுவிட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வேகம் தமிழுக்கு என்றைக்கும் அவமானமாக இருந்ததில்லை. பாட்டியல்காரர்கள் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நால்வகையாகப் பிரித்து, நினைத்த மாத்திரத்தில் பாடுகிறவனை முதலில் வைத்தார்கள். காளமேகம் யமகண்டம் பாடினான் என்பது கர்ணபரம்பரை. கீழே நெருப்பு, தோற்றால் உயிர் போகும். இதைவிடக் கடுமையான கெடுவை எந்தப் பதிப்பாளரும் விதித்ததில்லை. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்ததைப் புலவர் கூட்டம் வியந்து பார்த்தது. செய்யுளில் வேகத்தைக் கௌரவித்த சமூகம் உரைநடையில் அதைச் சந்தேகிக்கிறது என்றால், காரணம் உரைநடையின் வேகம் நமக்கு அறிமுகமானதே பத்திரிகை ஆபீஸ் வழியாக என்பதுதான்.

வேகமும் அந்நியன் விதித்த கெடுவும் சேர்ந்தே நல்ல நாவல் ஒன்று பிறந்ததற்குப் பிரசித்தமான சாட்சி 1866இல் இருக்கிறது. கடனில் மூழ்கியிருந்த தாஸ்தாயெவ்ஸ்கி, அதற்கு முந்தின கோடையில் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புது நாவல் தராவிட்டால், அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுதுவதெல்லாம் காசில்லாமல் பதிப்பாளருக்குச் சொந்தம். செப்டம்பர் முடியும்வரை அவர் 'குற்றமும் தண்டனையும்' எழுதிக்கொண்டிருந்தார். புது நாவலில் ஒரு வரி இல்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தருவதாகச் சொன்னதை மறுத்தார். அக்டோபர் 4ஆம் தேதி, சுருக்கெழுத்துப் படித்த அன்னா என்ற இருபது வயதுப் பெண் வந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுத, 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. கெடு நாளில் பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லை. போலீஸ் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கினார்.

இந்தக் கதையை எல்லோரும் 26 நாள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாவலின் கரு 1863இல் ரோமிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. அந்த மூன்று வருஷத்தில் அவர் எழுதவில்லை. சூதாடினார், தோற்றார், கடன் வாங்கினார். அக்டோபரில் வாயைத் திறந்தபோது சொல்லவேண்டியது ஏற்கனவே அங்கே இருந்தது. கெடு அதைச் சிருஷ்டிக்கவில்லை, வெளியே வரவைத்தது.

கோடைப் பந்தயம் என்றால் 1816ஐச் சொல்லாமல் முடியாது. முந்தின வருஷம் தம்போரா எரிமலை வெடித்து, ஐரோப்பாவில் கோடையே வராத வருஷம் அது. ஜெனிவா ஏரிக்கரை வீட்டில் மழையில் அடைபட்டுக் கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றான் பைரன். அவன் ஒரு துண்டோடு விட்டுவிட்டான். ஷெல்லியும் அப்படியே. அந்தத் துண்டிலிருந்து டாக்டர் பாலிடோரி தன் ரத்தக்காட்டேரிக் கதையைப் பண்ணினார். பதினெட்டு வயது மேரிதான் தொடர்ந்து எழுதி, மறு வருஷம் முடித்து, 1818இல் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்று வெளியிட்டாள். பந்தயம் ஆரம்பித்துக் கொடுத்தது. முடித்தது அவளுடைய காலம். நானோரைமோவில் பிறந்து புகழடைந்த எரின் மார்கென்ஸ்டர்னின் 'நைட் சர்க்கஸ்' நாவலும் (2011) பல தடவை திருத்தி எழுதப்பட்ட பிறகே அச்சேறியது.

நீலகிரியில் கோடை என்பது முதலிலிருந்தே அடுத்தவர் வேலையில் வாழ்கிறவர்களின் ஓய்வு. ஜக்கதளா என்ற படகர் ஊரின் பெயரால் அறியப்பட்ட இந்த இடத்துக்கு, வெள்ளைச் சிப்பாய்கள் உடம்பு தேற்றிக்கொள்ளப் படைவீடு கட்டி, வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். சென்னை அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. ரிச்சர்ட் பர்ட்டன் 1847இல் நோய் விடுப்பில் ஊட்டி வந்தவன். கோவாவையும் நீலமலையையும் பற்றி அவன் எழுதின புத்தகம் 1851இல் வந்தது. சம்பளத்தோடு விடுப்பு இருந்தால் எழுதலாம். அதே ஏப்ரல், மேயில்தான் தேயிலையில் கொழுந்து பொங்கும். பறிக்கிறவளுக்கு அப்போது ஒரு நாள்கூடச் சொந்தமில்லை. அவளுக்கும் தினக்கணக்கு உண்டு. சொல்லுக்குப் பதில் கிலோ. அவசரத்தில் முற்றின இலையும் கூடையில் விழும், எடையும் ஏறும். தேயிலைத் தோட்டத்தின் நாவலைத் தோட்டத்திலிருந்து யாரும் எழுதவில்லையே என்று கேட்கிற விமர்சகன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். படகர் வாழ்வை 'குறிஞ்சித்தேன்' (1963) என்று எழுதிய ராஜம் கிருஷ்ணன்கூட கணவரின் மின்துறை உத்தியோகத்தால் மலைக்கு வந்தவர்தான்.

நானும் பாங்க் குமாஸ்தா. சீசன் மாதத்தில் லீவு கேட்டால் மானேஜர் சிரிப்பார். சென்ற மே மாதம் காலை ஐந்திலிருந்து ஏழு வரை என்று வைத்துக்கொண்டு இந்தப் பந்தயத்தில் இறங்கினேன், நவம்பர்க்காரர்களைக் கேட்காமல், சொல்லை எண்ணாமல், நாளுக்கு ஆறு பக்கம் என்று. முதல் பன்னிரண்டு நாள் எழுதினதெல்லாம் விமர்சனக் கட்டுரைகளில் நான் ஏற்கனவே சொன்னவை. பாத்திரங்கள் என் அபிப்பிராயங்களைப் பேசின. பதின்மூன்றாம் நாள் சரக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு, ஒருகாலும் கதையில் வைக்கத் தகுந்ததென்று நான் நினைத்திராத ஒரு ஆள், படைவீட்டு வாசலில் பூட்ஸ் தைக்கிற கிழவர், உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றார். 31ஆம் தேதி 186 பக்கம். அவர் வருகிற பக்கங்கள் தேறும் என்று தோன்றுகிறது. மற்றவை தேறா.

தபால் இலாகாவில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், அபாரமான வாசகர். பதினெட்டு வருஷம் ஒரு நாவலைப் பற்றிப் பேசினார். ரிடயர் ஆனதும் எழுதுவேன் என்பார். அவசரப்பட்டால் பத்திரிகை எழுத்தாகிவிடும் என்பார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்ததில் நாம் நடத்திய பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. ரிடயராக எட்டு மாசம் இருக்கையில் போய்விட்டார். அவர் மனைவி நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். முதல் அத்தியாயம் ஆறு தடவை எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சுத்தமாக. இரண்டாம் அத்தியாயத்துக்குத் தலைப்பு போட்டு, அடியில் கோடு இழுத்திருக்கிறார்.